ஹரோவில் விழுந்த பனிப்பூ

மார்கழி பிறந்தால் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போக என் கணவருக்குப் பயம். கடைக் கண்ணாடி எல்லாம் வெள்ளைக் காகிதத்தில் பனிப்பூ வெட்டி ஒட்டியிருப்பார்கள். நான் நடுத்தெருவில் நின்று அந்தப் பூக்களின் கைகளை எண்ணத் தொடங்கிவிடுவேன். எட்டுக் கை, ஐந்து கை, ஒருமுறை ஏழு கைகூடப் பார்த்தேன். தண்ணீர் உறைந்து படிகமாகும்போது ஆறு பக்கமாகத்தான் கோத்துக்கொள்ளும். ஏழு கைப் பனிப்பூ வானத்திலிருந்து விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. "பேசாமல் வாரும், அவங்கள் யாவாரம் செய்யிறாங்கள்" என்று இவர் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுப்பார். நான் கடைக்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இதுவரை ஒருவனும் மாற்றி ஒட்டவில்லை.

போன மாதம் நான் வேலை செய்த படநூலகத்துப் பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். புத்தகக்காரருக்கும் பத்திரிகைக்காரருக்கும் அறிவியல் படங்கள் கொடுக்கும் இடம் அது. நான் ஓய்வு பெற்றபின் அங்கே சேர்ந்த கீர்த்தனா என்ற பிள்ளை, நல்ல கெட்டிக்காரி, சோற்றைப் பிசைந்தபடி என்னைக் கேட்டாள்: "அன்ரி, இப்ப கொம்பியூட்டரிட்டைச் சொன்னால் அது ஆயிரம் ஸ்னோபிளேக் கீறித் தரும். நீங்கள் ஏன் குளிருக்குள்ளை நிண்டு கஷ்டப்பட்டனீங்கள்?"

கோபம் வந்தது உண்மை. ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லத் தொடங்கினேன். சோறு ஆறியது, மற்றவர்கள் எழும்பிப் போனார்கள், அவள் மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை எழுதுங்கோ என்றும் அவள்தான் சொன்னாள். எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த பெரிய குளிர் குச்சியில் சப்புகிற ஐஸ்பழம். ஹரோவில் ஒரு படக்கடையில் பாஸ்போட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் கமரா பிடிக்கவும் கழுவவும் பழகினேன். படநூலகத்தில் உதவியாளர் வேலைக்கு ஆள் தேவை, குளிர் தாங்க வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். பத்துப் பேர் விண்ணப்பித்தாலும் அந்தக் கடைசி வரியைப் பார்த்து ஒன்பது பேர் ஓடியிருப்பார்கள். நான் குளிர் என்றால் என்னவென்று தெரியாததால் ஓடவில்லை. அப்படித்தான் அங்கே படம் பிடிக்கிற மிஸ் பார்லோவிடம் போய்ச் சேர்ந்தேன்.

மிஸ் பார்லோ லண்டன் லூயிஷாமில் பிறந்து, லூயிஷாமிலேயே இன்றும் இருக்கிறவர். கல்யாணம் செய்யவில்லை. ஒல்லி, நெட்டை, குரல் மட்டும் நாலு வீட்டுக்குக் கேட்கும். நோர்வேயிலும் கனடாவிலும் மலையடிவாரங்களில் போய் நின்று பனிப்பூக்களைப் படம் பிடித்தவர். குளிர்காலம் வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். முதல் பயணத்தில் நான் அழுதேன். இரண்டாம் பயணத்தில் அவரோடு சண்டை பிடித்தேன். மூன்றாவதில் இருந்து, எப்போது போவோம் என்று நானே கேட்கத் தொடங்கிவிட்டேன்.

பனிப்பூவைப் படம் பிடிப்பது பூவைப் படம் பிடிப்பது போலத்தான் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். பூ காத்திருக்கும். இது காத்திராது. முதலில் கமரா, பூவைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி, கண்ணாடித் தகடு, தூரிகை எல்லாவற்றையும் நேரத்தோடு வெளியே வைத்துக் குளிர விட வேண்டும். ஒரு சாமானில் துளிச் சூடு இருந்தாலும் பூ தண்ணீர். கறுப்பு வெல்வெட் ஒட்டிய பலகையை நீட்டிக்கொண்டு நின்றால் அதில் வந்து விழும். விழுகிறதில் முக்கால்வாசி உடைசல், ஒன்றோடொன்று ஒட்டினது, அரிசிக் குறுணல் மாதிரி உருண்டது. நல்லது ஒன்று கண்ணில் பட்டால் மெல்லிய தூரிகையின் ஒற்றை மயிரால் தொட்டுத் தூக்கிக் கண்ணாடித் தகட்டில் வைக்க வேண்டும். மூச்சை இடது பக்கம் திரும்பித்தான் விடலாம். அது மிஸ் பார்லோவின் சட்டம். வலது பக்கம் அவர் நிற்பார்! கீழே இருந்து வெளிச்சம் கொடுத்து, குவியம் பார்த்து, பொத்தானை அமத்த வேண்டும். சுணங்கினால் உருகாமலே ஓரங்கள் காற்றில் கரைந்து, கூர் எல்லாம் மழுங்கிவிடும்.

படம் எடுத்தபின் அவர் அதை மேசையில் வைத்து, சீவிய பென்சில் முனையால் ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணுவார். கிளைகளையும் எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை "வடிவாக இருக்கு" என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. வடிவு பிறகு, உண்மை முதல் என்பார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பூவின் ஒடிந்த கையைக் கணினியில் ஒட்டித் தரச் சொன்னார். மிஸ் பார்லோ அவரை வாசல்வரை மரியாதையாகக் கூட்டிப் போய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்படி ஆயுளெல்லாம் சேர்த்த படங்களை வைத்து அவர் ஒரு புத்தகம் போட ஒழுங்காயிற்று. ஊர் ஊராக அத்தியாயம். கடைசிப் பக்கம் லண்டன். அந்தப் பக்கத்தில் போட அவரிடம் ஒரு படமும் இல்லை.

ஏனென்றால் லண்டன் ஸ்னோவை ஸ்னோ என்று சொல்லவே வெட்கம். ஈரமும் கட்டியும். பாதி வழியிலேயே உருகி, பஸ் தரிப்பிடத்தில் சேறாகக் கிடக்கும். கிழக்கிலிருந்து காய்ந்த காற்று வந்து, மேகம் சரியான குளிரில் இருந்து, தரையும் உறைந்திருந்தால்தான் கையும் கிளையுமாக ஒரு பூ முழுசாக வந்து இறங்கும். இந்த மூன்றும் ஒன்றாக வந்த நாளில் மிஸ் பார்லோ எப்போதும் கனடாவில் நிற்பார். பதிப்பகத்தார் நோர்வேப் பூ ஒன்றைப் போட்டு லண்டன் என்று எழுதிவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார்கள். தனக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். படம் இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கமாகவே விடச் சொல்லிவிட்டார்.

இதற்குள் அவருடைய கண் பழுதாகத் தொடங்கியது. பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்தது. கதவின் சட்டம் தெரியும், கதவில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நானும் அடுத்த கோடையில் ஓய்வு பெறப் போகிறவள். எனக்குக் கவலையெல்லாம் அந்தக் கடைசிப் பக்கம்தான். பிறந்த ஊரின் பக்கம் வெறுமையாகக் கிடக்க ஒரு மனுஷி கண்ணை இழப்பதா? எனக்குத் தாங்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வானிலை பார்த்த அளவுக்குச் சாத்திரம்கூடப் பார்த்ததில்லை.

தைப்பொங்கலன்று விடிய, கிழக்குக் காற்று. தோட்டத்துப் புல்லு மிதிக்க நொறுங்கியது. வானம் சாம்பல். எனக்கு உள்ளங்கை அரித்தது.

எங்கள் வீட்டில் பொங்கல் பின்தோட்டத்தில்தான், காஸ் அடுப்பு வைத்து. நான் பானை ஆவி வராத மூலையில் மேசை போட்டு, படநூலகத்திலிருந்து கொண்டு வந்திருந்த கமரா, நுணுக்குக்காட்டி, தகடு, தூரிகை எல்லாவற்றையும் பரப்பிக் குளிர விட்டேன். விட்டுவிட்டுத் தலை முழுகப் போனேன். பொங்கலுக்கு முழுகாமல் விடுவதா?

முழுகி, சீலை உடுத்து, அதன் மேல் கோட்டும் போட்டு வந்து பார்த்தால் மேசை வெறுமை. ஸ்னோ விழத் தொடங்கிவிட்டது. குசினிக்குள் ஓடினேன். அங்கே சர்க்கரை பாகாகக் கொதிக்கிறது, சுவரெல்லாம் ஆவி. அதற்கு நடுவில், துவாயில் சுற்றி, குழந்தைப்பிள்ளையைக் கிடத்தின மாதிரி என் கமரா. துவாயை விலக்கிப் பார்த்தேன். வில்லையிலும் தகடுகளிலும் தண்ணீர் முத்து முத்தாக வழிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த சாமானை ஆவிக்குள் கொண்டு வந்தால் வேறென்ன நடக்கும்?

"குளிருக்குள்ளை கிடந்து பழுதாப் போயிடும் எண்டுதான் உள்ளை கொண்டந்து வைச்சனான்" என்றார் இவர். உதவி செய்த பெருமை முகத்தில்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுன்சிலில் தெருக்களுக்கு வெள்ளைக் கோடு போடுகிற வேலை செய்தவர். கோணலாக எதைக் கண்டாலும் நிமிர்த்துவார். வெளியே எது கிடந்தாலும் மழைக்கு முன் உள்ளே எடுத்து வைப்பார். பக்கத்து வீட்டுக்காரனின் உடுப்பைக்கூடக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்த ஆள். நல்ல மனிதர்தான். அந்த நேரத்தில் எனக்கு நல்ல மனிதராகத் தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகப் போயிற்றே என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாய் அவர் துவாயை மடித்துக்கொண்டு நின்றார்.

ஈரச் சாமானைத் திரும்ப வெளியே கொண்டு போனால் தண்ணீர் அதன் மேலேயே உறையும். கமராவுக்கு அன்று வேலை முடிந்தது. ஆனால் எங்கள் கொட்டிலில், எல்லா யாழ்ப்பாணத்து வீட்டிலும் போல, ஒரு பெரிய ஃபிரீஸர் இருக்கிறது. மீன், இறால், முருங்கைக்காய், திருவின தேங்காய்ப்பூ. பழைய கண்ணாடித் தகடுகள் சிலவற்றைத் தேங்காய்ப்பூப் பைகளுக்குக் கீழே ஒரு பெட்டியில் நான் எப்போதோ போட்டு வைத்திருந்தேன். அதைக் கிண்டி எடுத்தேன். கமராவுக்குப் பதில் என் ஃபோன். அதில் கவ்வுகிற சின்ன உருப்பெருக்கி வில்லை ஒன்றை ஆபீஸ் பிள்ளைகள் பகிடிக்கு வாங்கித் தந்திருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

"இஞ்சேருங்கோ, இந்தத் தட்டைப் பிடியுங்கோ. அசையாதேங்கோ. மூச்சை இடது பக்கம் விடுங்கோ" என்றேன்.

கறுப்புத் துணி விரித்த தட்டில் தகடுகளை அடுக்கி இவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வேட்டி, அதன் மேல் தடித்த கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. உடைசல் விழுந்தது. கட்டி விழுந்தது. ஊசி ஊசியாக விழுந்தது. பிறகு, ஓரத் தகட்டில், மெல்ல ஒன்று வந்து இருந்தது. ஆறு கை. ஒவ்வொரு கையிலும் பன்னம் செடியின் இலை போலக் கிளை. நடுவில் சின்ன அறுகோணம், அதற்குள் இன்னொரு அறுகோணம். கடவுளே, என் வீட்டுத் தோட்டத்தில்!

நான் குனிந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். பின்னால் பால் பொங்கி வழிந்து அடுப்பில் சீறுகிற சத்தம் கேட்டது. எந்தத் திசைக்குப் பொங்கியது என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது இவர் மூக்கு சிவந்து, கை நடுங்காமல், இடது பக்கம் பார்த்தபடியே நின்றார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. தட்டு இருந்தபடியால் விட்டுவிட்டேன்.

பதிப்பகத்தார் படத்தைப் பார்த்து, உள்ளங்கை அளவுக்குப் போட இது தாராளம் என்றார்கள். நான் அச்சுப் பிரதியோடு லூயிஷாமுக்கு ஓடினேன்.

மிஸ் பார்லோ அதைக் கையில் வாங்கினார். கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார், தலையைச் சரித்தார். பென்சிலை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டார். பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். ஒரு நுனி தெரிகிறது, இன்னொரு நுனி தெரிகிறது, நடுவைப் பார்க்கப் போனால் எல்லாம் மறைகிறது, ஒன்றாகச் சேரவில்லை என்றார். நான் கையை எண்ணிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, என்னை முழுக்க நம்புவதாகவும், ஆனால் தான் பார்க்காத ஒன்றைத் தன் புத்தகத்தில் போட முடியாதென்றும் சொன்னார். பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார். குரல் வழக்கம் போலப் பெரிதாகத்தான் இருந்தது. நான் திரும்பி வரும் ரயிலில் அழுதேன்.

வீட்டில் சொன்னேன். இவர் படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்தார். பிறகு, இந்த அம்மாவுக்குத் தெரு தெரியுமா என்று கேட்டார். நிலத்தில் உள்ள கோடு தெரியும், நடைபாதை விளிம்பைப் பார்த்துத்தான் நடக்கிறார் என்றேன். "அப்ப தெருவளவுக்குக் கீறுவம்" என்றார்.

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூட முற்றம் நல்ல கறுப்புத் தார். கோயில் திருவிழாவுக்குப் பெரிய கோலம் போட இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அனுமதி கேட்டதும் கிடைத்தது. கயிறு, ஆணி, வாளி நிறையக் கோலமா. படத்தைப் பக்கத்தில் வைத்து, கட்டம் போட்டு, விடிய வந்து கீறத் தொடங்கினார். நான் மிஸ் பார்லோவைக் கூட்டிவர லூயிஷாமுக்குப் போனேன். நாங்கள் வந்து சேர, முற்றம் நிறைய வெள்ளையாக ஒரு பனிப்பூ கிடந்தது. வகுப்புப் பிள்ளைகள் யன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

மிஸ் பார்லோ நடுவில் போய் நின்றார். ஒரு கையின் வழியே நுனிவரை நடந்தார். கிளை வருகிற இடத்தில் சப்பாத்து நுனியால் தடவினார். திரும்பி நடுவுக்கு வந்து அடுத்த கையில் நடந்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார். ஆறு கையும் நடந்து முடித்து, நின்று, தலையை ஆட்டினார்.

"மன்னிக்க வேண்டும். இது பனிப்பூ இல்லை" என்றார். "மேகத்திலிருந்து வந்த எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் கண்டதில்லை."

அச்சுப் பிரதியை எடுத்து நிலத்தோடு ஒத்துப் பார்த்தேன். படத்தில் ஒரு கை மற்றவற்றைவிடக் கட்டை. ஒரு பக்கத்தில் கிளையும் இல்லை. நிலத்தில் ஆறும் ஒரே அளவு. இவரைப் பார்த்தேன். இவர் வாளியைப் பார்த்தார்.

"கோலத்திலை ஒரு கையைக் கட்டையா விட எனக்கு மனம் வரேல்லை" என்றார். "பாக்கிற சனம் என்னைத்தானே சொல்லும்."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. மிஸ் பார்லோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று இவர் பக்கம் திரும்பியது. "மிஸ்டர் பாலன், தயவுசெய்து படத்தில் இல்லாததை அழித்துவிடுங்கள்" என்றார்.

இவர் தும்புத்தடி எடுத்து வந்தார். படத்தைப் பார்த்து, கையின் நுனியையும், அந்தப் பக்கத்துக் கிளையையும் கூட்டித் துடைத்தார். அவர் பட்ட பாட்டைப் பார்க்க, தன் பல்லைத் தானே பிடுங்குகிற மாதிரி இருந்தது.

மிஸ் பார்லோ மறுபடியும் நடுவில் இருந்து தொடங்கினார். ஐந்து கையையும் விரைவாக நடந்தார். ஆறாவதில் நடந்தார். பழக்கத்தில் எடுத்து வைத்த கடைசி அடி வெறுந்தாரில் விழுந்தது. நின்றார். ஒரு அடி பின்னால் வைத்து, நுனியைச் சப்பாத்தால் தேடிக் கண்டுபிடித்தார். கிளை இல்லாத பக்கத்தையும் தடவிப் பார்த்தார்.

"வருகிற வழியில் இன்னொரு பூவோடு மோதியிருக்கிறது" என்றார். "நான் பார்த்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இதைப் போடுங்கள்."

நான் அந்த முற்றத்தில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல். இவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு குளிர் என்றார்.

அந்த நேரம் பார்த்து வகுப்பு விட்டது. பிள்ளைகள் வாசலுக்கு வந்து, கோலத்தைக் கண்டு, மிதிக்கப் பயந்து வரிசையாக நின்றார்கள். நான் ஓரமாகச் சுற்றிப் போகச் சொன்னேன். மிஸ் பார்லோ என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். வரவிடு என்றார். வந்தால் எல்லாம் அழிந்து போய்விடும் என்றேன்.

"பனி என்றால் போகத்தானே வேண்டும்" என்று சொல்லிவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் பிள்ளைகளை அவரே கூப்பிட்டார். அவ்வளவு பேரும் பாய்ந்து வந்தார்கள். ஆறு கையும் தூளாகி எழும்ப, மிஸ் பார்லோ நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சப்பாத்து, கோட்டு, முடி எல்லாம் வெள்ளை.